ஈப்போ வரை ஒரே டாங்க்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்தால் போதும், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில் உள்ள தோசைக் கடைக்குப் பக்கத்தில் பத்துப் பதினோரு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றுவிடும். வண்டிக்காரர்கள் உள்ளே இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பதினொரு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் முறைத்துப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அன்றைக்கும் இஞ்ஞாசி தோசையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தபடி அந்தக் கதையைப் பத்தாவது தடவையாக எடுத்துவிட்டார். மனிதருக்கு வயது ஐம்பத்தாறு. ஜூரோங் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். வண்டிக்குத்தான் பெட்ரோல் வேண்டும், அவர் வாய்க்கு அது கூடத் தேவையில்லை.

"உட்லண்ட்ஸ்ல ஃபுல் டாங்க் அடிச்சேன். அப்புறம் ஈப்போ வரைக்கும் ஒரு ஸ்டேஷன் பக்கம் திரும்பல. ஐநூத்தி நாப்பது கிலோமீட்டர்! டாங்க் எவ்வளவு? பன்னெண்டே லிட்டரு. வண்டிய எப்படி ஓட்டணும்னு தெரிஞ்சு ஓட்டணும் லா!"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வது? அந்த வருடம் கொடி பிடித்தவர் அவர்.

கொடி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஜூலையிலும் இவர்கள் மலேசியாவின் வடக்கே உள்ள புக்கிட் மெர்தாஜாமில், மாதாவின் தாய் புனித அன்னாளின் திருவிழாவுக்கு மோட்டார் சைக்கிளிலேயே போவார்கள். கிட்டத்தட்ட எழுநூறு கிலோமீட்டர். கழுத்தில் அன்னாள் படம் அச்சடித்த நீலத் துண்டு, உடம்பில் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை. வழியில் யார் வண்டி கடைசியாகப் பெட்ரோல் கேட்கிறதோ, அவர்தான் குழுவின் கொடியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கோவில் வளாகத்துக்குள் நுழைவார். விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம். பத்து வருடத்தில் அது பெரிய கௌரவமாகிவிட்டது. பெரிய மனிதர்கள் விளையாட ஆரம்பித்தால் அப்படித்தான்.

இஞ்ஞாசி இன்னொரு வாய் தோசையை விழுங்குவதற்குள் குழுவின் செயலாளர் ஜோனத்தனின் கைப்பேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஐயையோ, இது நம்ம துண்டுதானே?"

படம் மேசையைச் சுற்றி வந்தது. மலேசியாவில் ஏதோ ஒரு சிறிய பெட்ரோல் நிலையம். கறுப்பு மோட்டார் சைக்கிள். தலைக்கவசத்தைக் கழற்றாத ஓர் ஆள், மஞ்சள் பிடி போட்ட குழாயிலிருந்து, உள்ளூர்க்காரர்களுக்காக அரசாங்கம் மானியம் கொடுத்து விற்கும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டிருந்தான். வண்டியின் பின்னால், எண் தகட்டை மூடியபடி, நீலத் துண்டு. அதில் அன்னாள் படம் பளிச்சென்று தெரிந்தது. கீழே மலாயிலும் தமிழிலும் வசைகள் குவிந்திருந்தன. "சாமி படத்தை வைத்து நம்பரை மறைக்கிற சிங்கப்பூர் திருடன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் அங்கிருந்த வசைகளிலேயே மரியாதையானது.

"எந்த இடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"பீடோர்னு போட்டிருக்கு" என்றார் ஜோனத்தன்.

இஞ்ஞாசி தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். அந்தப் படத்தில் இருந்த ஆள் அவர்தான்.

நடந்தது இதுதான். தஞ்சோங் மாலிம் தாண்டியதுமே அவர் வண்டியில் பெட்ரோல் விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. போட்டியில் மிச்சமிருந்தது இரண்டே பேர். முன்னால் இவர், பின்னால் பிரேம். பிரேமும் இவருடையதைப் போலவே கறுப்பு வண்டி வைத்திருந்தான். அதை வாங்கச் சொன்னதே இவர்தான். பிரேம் இந்து. இஞ்ஞாசியின் ஞானமகள் ஷார்லீனைக் கட்டியதால் குழுவுக்குள் வந்தவன். நல்ல பிள்ளைதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் கோவில் கொடியை அவன் பிடித்துக்கொண்டு முன்னே போக, ஞானத்தகப்பன் பின்னால் நடப்பதா? அந்த நினைப்பே இஞ்ஞாசிக்குக் காய்ச்சலைக் கொடுத்தது. போதாததற்கு, "இந்த வருஷம் ஈப்போ வரைக்கும் நிக்க மாட்டேன்" என்று புறப்படும்போதே எல்லோரிடமும் சவால் விட்டிருந்தார்.

நெடுஞ்சாலை நிலையத்தில் நின்றால் குழுவில் எவனாவது பார்த்துவிடுவான். அதனால் பீடோரில் இறங்கி, ஊருக்குள் ஒரு சின்ன நிலையத்தைக் கண்டுபிடித்தார். வெளிநாட்டு வண்டிக்குப் போட வேண்டிய விலை கூடின பெட்ரோல் குழாயில் "பழுது" என்று அட்டை தொங்கியது. அடுத்த நிலையம் ஏழு கிலோமீட்டர் என்றாள் அங்கே வேலை செய்த பெண். சட்டையில் நாகம்மா என்று பெயர் குத்தியிருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டு நண்பர்களை வரவழைத்திருக்கலாம். இஞ்ஞாசியின் வாயில் வந்ததோ வேறு.

"அம்மா, என் மனைவி ஈப்போ ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்கா. மாதா கோயிலுக்கு வந்த எடத்துல விழுந்துட்டா. கொஞ்சம் தயவு பண்ணும்மா."

நாகம்மாவின் கண் கலங்கிவிட்டது. "ஐயோ அண்ணே! இருங்க, இருங்க. என் ஐசியிலேயே போட்டுத் தர்றேன். கேமரா இருக்கு, நம்பர மட்டும் எதையாச்சும் வச்சு மறைச்சுக்குங்க" என்று தன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். இஞ்ஞாசியின் கைக்கு அகப்பட்டது கழுத்துத் துண்டு.

கிளம்பிய பிறகுதான் கைப்பேசியைப் பார்த்தார். பிரேம் அரைமணி நேரத்துக்கு முன்பே செய்தி அனுப்பியிருந்தான். "அங்கிள், நான் தஞ்சோங் மாலிம்ல அடிச்சிட்டேன். நீங்கதான் வின்னர் லா!" அப்போதாவது, பீடோரில் நிரப்பினேன் என்று சொல்லியிருந்தால் கொடி நியாயமாகவே அவர் கைக்கு வந்திருக்கும். ஆனால் ஈப்போ என்று அடித்த தம்பட்டத்தை எப்படி இறக்குவது? இறக்கவில்லை.

தோசைக் கடையில் இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பீடோர்ல தனியா வந்தது யாரு?" என்றார் ஜோனத்தன். "அந்த நேரத்துல நாம ஒம்பது பேரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். முன்னால இஞ்ஞாசி அண்ணன். அவரு பெட்ரோலே அடிக்கல. அப்புறம் பின்னால வந்தது..."

எல்லோர் கண்களும் பிரேம் பக்கம் திரும்பின.

"நான் தஞ்சோங் மாலிம்ல அடிச்சேன் லா. ரெசிட்டை யாரு வச்சிருப்பா?" என்றான் பிரேம். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவன் சிரிப்பும் நின்றது.

"நான் யாரையும் சொல்லல" என்றார் ஜோனத்தன். "ஆனா நம்ம ஆளுங்க யாரும் அன்னாள் படத்தைப் போயி நம்பர் பிளேட்டுல தொங்கவிட மாட்டாங்க. பக்தி இருக்கிறவன் செய்ய மாட்டான். அவ்வளவுதான்."

பிரேம் இஞ்ஞாசியைப் பார்த்தான். பெரியவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தான். இஞ்ஞாசி சாம்பார்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த வாரம் இஞ்ஞாசிக்கு வாரமாகவே இல்லை. திங்கட்கிழமை காலையில் பட்டறையில் வேலை தொடங்கும் முன் ஆட்களை நிற்க வைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும். இருபது வருடமாகப் பேசுகிறார். "தப்பு நடந்தா உடனே வந்து சொல்லிடணும். மறைச்சா அடுத்தவன் கைதான் போகும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அன்றைக்கு "தப்பு நடந்தா..." என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. நாற்பது மஞ்சள் தொப்பிகள் அவரையே பார்த்தன. "சரி, சரி, பாத்து வேலை செய்யுங்க" என்று முடித்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து பிரேம் விலகிவிட்டான். ஷார்லீன் மட்டும் அவருக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அங்கிள், நீங்க லீடர்தானே? நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க. பிரேம் சாப்பிடவே மாட்டேங்குறாரு. ப்ளீஸ் அங்கிள்." அதை நாலு தரம் கேட்டார். பதில் போடவில்லை. சீ, என்ன மனிதர்! ஞானஸ்நானத்தின்போது அந்தப் பெண்ணைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான்.

வியாழக்கிழமை இன்னொரு காணொளி வந்தது. நாகம்மாவே பேசினாள். விசாரணை நடந்து, வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். யாரோ கைப்பேசியை நீட்டிக் கேள்வி கேட்க, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பதில் சொன்னாள்.

"தப்புதாங்க. நான்தான் என் ஐசியைக் குடுத்தேன். அந்த அண்ணன் பொண்டாட்டி ஈப்போ ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னாரு. பாவமா இருந்துச்சு. அவரைத் தேடி அசிங்கப்படுத்தாதீங்க. ஏற்கனவே கஷ்டத்துல இருக்காரு. அந்த அக்கா பொழச்சிட்டாங்களான்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, போதும்."

இதை இஞ்ஞாசி தன் கைப்பேசியில் பார்க்கவில்லை. வீட்டுக் கூடத்தில் அவர் மனைவி பிலோமினம்மாள் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் பிலோமினம்மாள். "பாவம், அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு! வேலை போனதைப் பத்திப் பேசல, யாரோ ஒரு பொம்பள பொழச்சாளான்னு கேக்குது. அந்தப் பிரேம் பையன் இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கவே இல்ல."

இஞ்ஞாசி குளிக்கப் போகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே நழுவினார்.

ஏழு மணிக்கு வழக்கம்போலச் செபமாலை. அன்னாள் படத்துக்கு முன்னால் இருவரும் முழங்காலிட்டார்கள். கடைசியில் யாருக்காக வேண்டுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டு வழக்கம். பிலோமினம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"பெட்ரோல் ஸ்டேஷன்ல வேலை பாத்த அந்த நாகம்மாவுக்காக வேண்டிக்குவோம். அந்தப் பையன் சொன்னது பொய்யா இருந்தாலும், ஈப்போ ஆஸ்பத்திரியில எந்தப் பொண்ணு கெடந்தாலும், அவளுக்கு நல்ல சுகத்தைக் கொடுங்க தாயே. அவ புருஷன் பிள்ளைங்களோட சேந்து நல்லா இருக்கணும்."

"ஆமென்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இஞ்ஞாசிக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பெண் ஈப்போவிலா கிடக்கிறாள்? அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, தன் சுகத்துக்காகத் தானே வேண்டிக்கொண்டிருக்கிறாள். வாய்கூசாமல் அவளைச் சாகக் கிடக்கவைத்த பாவி அவர்தானே!

"என்னங்க? நெஞ்சு வலிக்குதா?" பிலோமினம்மாள் பதறிப்போனாள்.

"பிலோ... அது பிரேம் இல்ல. நான்."

முழுதும் சொன்னார். "எனக்குச் சீரியஸ்னு சொன்னீங்களா?" என்று மட்டும் ஒரு தரம் கேட்டாள் பிலோமினம்மாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் செபமாலையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, "நாளைக்கு லீவு போடுங்க. முதல்ல பிரேம் வீட்டுக்குப் போறோம்" என்றாள்.

பிரேம் கதவைத் திறந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே இஞ்ஞாசி சொல்லி முடித்தார். ஷார்லீன் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை தேவலை.

"அங்கிள்," என்றான் பிரேம் கடைசியில், "அன்னிக்கு என்னைத் திருடன்னு பாத்தாங்க. அதுகூடப் பரவால்ல லா. பக்தி இருக்கிறவன் செய்ய மாட்டான்னு ஜோனத்தன் சொன்னாரு. அப்ப நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. அதான் எனக்கு மறக்கல."

இஞ்ஞாசி அங்கேயே நின்றுகொண்டு குழுவின் வாட்ஸ்அப்பில் உண்மையைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். குரல் நடுங்கியது. மறுபடி நல்லதாகப் பேசி அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் கணவனும் மனைவியும் வண்டியில் வடக்கே புறப்பட்டார்கள். ஈப்போவில் பெட்ரோல் விற்பனையைக் கண்காணிக்கும் அதிகாரிகளின் அலுவலகத்தில் தன் பெயரையும் வண்டி எண்ணையும் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார் இஞ்ஞாசி. வழக்கு வரும் என்றார்கள். வரட்டும் என்றார். திரும்பும் வழியில் பீடோர் நிலையத்து முதலாளியைப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்றீங்க. அவ இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. இடம் இருந்தா பாக்கலாம்" என்று கையை விரித்தார். நாகம்மா கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுவதாக அவர்தான் சொன்னார்.

கடையின் பின்பக்கம், குழாயடியில், முழங்கை வரை சோப்பு நுரையோடு நாகம்மா குந்தியிருந்தாள். நீலத் துண்டு இல்லாவிட்டாலும் குரலைக் கேட்டதுமே இஞ்ஞாசியை அடையாளம் கண்டுகொண்டாள். பக்கத்தில் நின்ற பிலோமினம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! நல்லாயிட்டீங்களா? எந்திரிச்சு நடக்கிறீங்களே! இப்பதான் என் மனசு ஆறுச்சு அக்கா!"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பிலோமினம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இஞ்ஞாசிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

"எனக்கு ஒண்ணும் வரலம்மா" என்றாள் பிலோமினம்மாள் மெல்ல. "நான் அன்னிக்கு சிங்கப்பூர்ல வீட்டுல இருந்தேன்."

நாகம்மாவுக்குப் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இஞ்ஞாசி சொன்னார். போட்டியை, கொடியை, ஈப்போ சவாலை, எதையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் கை பிலோமினம்மாளின் கையிலிருந்து நழுவியது.

"கொடி பிடிக்கவா?" என்றாள்.

"ஆமாம்மா. என்னை மன்னிச்சிரும்மா. ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். உன் முதலாளிகிட்டயும் பேசினேன். வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் நான் விட மாட்டேன்."

குழாயிலிருந்து தண்ணீர் தட்டுகளின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"வேலை போனா போவுது அண்ணே. வேற வேலை கிடைக்கும், இதோ பாருங்க, கிடைச்சிருக்கு. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை நிறுத்துறதுக்கு முந்தின நாளு ஒருத்தர் வந்தாரு. வெளிநாட்டுக்காரர். பின்னால உக்காந்திருந்த குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னாரு. வண்டியில சொட்டு பெட்ரோல் இல்ல, அந்தக் குழாய் இன்னும் பழுதுதான். அதுக்குள்ள உங்க படம் வந்து என்னை எல்லாரும் திட்டிக்கிட்டிருந்தாங்க. நான் போங்க, போங்கன்னு விரட்டிட்டேன். ஒரு பாட்டில்ல கொஞ்சம் வாங்கிக் குடுத்திருக்கலாம், முதலாளியக் கேட்டிருக்கலாம். எதுவும் செய்யல. வெயில்ல அவரு வண்டியத் தள்ளிக்கிட்டே போனாரு. அன்னிக்கு ராத்திரி நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அந்த அண்ணன் பொய் சொல்லியிருக்க மாட்டாரு, நெசமாத்தான் அவரு பொண்டாட்டி கஷ்டப்பட்டாங்க, நான் செஞ்சது தப்பில்லன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன்."

அவள் குரல் உடைந்தது.

"இனிமே யாரு வந்து அவசரம்னு அழுதாலும் நான் நம்ப மாட்டேன் அண்ணே. நாலு பேரு முன்னால பெரிய ஆளாத் தெரியணும்னு நீங்க ஒரு பொய் சொல்லிட்டுப் போயிட்டீங்க. அந்தப் பொய்க்கு நெசமாவே கஷ்டத்துல வர்றவன்தான் தண்டனை அனுபவிக்கிறான். ஊருக்குள்ள யாரும் யாருக்கும் உதவ மாட்டேங்குறாங்கன்னு சொல்றாங்களே, உதவினவங்களை உங்களை மாதிரி ஆளுங்க ஏமாத்திட்டுப் போறதாலதான் அண்ணே!"

சொல்லிவிட்டு நாகம்மா குந்தி உட்கார்ந்து அடுத்த தட்டை எடுத்தாள். பிலோமினம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள். இஞ்ஞாசி நிமிர முடியாமல் நின்றார்.